யோகா அக்கா திருப்பித் தந்த ஹீற்றர்

போன கிழமை யோகா அக்காவுக்கு குளிருக்கு அறையில் போட எங்கள் பழைய ஹீற்றரைக் கொடுத்தேன். ட்ருகனினா என்ற புறநகரில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறார். வேர்ஹவுஸில் அவருடைய வேலை நாட்களைக் குறைத்துவிட்டார்கள்.

இன்று அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"வேலை செய்யேல்லையோ அக்கா?"

"நல்லா வேலை செய்யுது தங்கச்சி. போட்டால் கரண்ட் பில் கூடுதெண்டு வீட்டுக்காரர் ஏசுறார். கூடுறதை என்னைத்தான் கட்டச் சொல்லுறார்."

அக்காவிடம் வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் சலுகை அட்டை இருக்கிறது. பில்லில் கழிவு கிடைக்குமே என்று உடனே மின்சாரக் கொம்பனிக்குப் போன் எடுத்தேன். பேசிய பெண் அன்பாகத்தான் பேசினாள். ஆனால் பில் யார் பேரில் இருக்கிறதோ, அவரிடம் அட்டை இருந்தால்தான் கழிவாம். அறை மட்டும் வாடகைக்கு எடுத்தவர்கள் என்ன செய்வது என்று கேட்டேன். தனக்குத் தெரியவில்லை என்றாள்.

"பில்லை உங்கட பேருக்கு மாத்தேலாதோ அக்கா?"

"கேட்டனான். கரைச்சலெண்டால் வேற அறை பாருங்கோ எண்டவர். இந்த வாடகைக்கு நான் எங்க போறது?"

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். எங்கள் வீடு நல்ல சூடாக இருந்தது.

"ஜாக்கெற்றைக் கழட்டிப்போட்டு இருங்கோவன்."

"வேண்டாம் தங்கச்சி. இந்தச் சூட்டுக்குப் பழகினால் பிறகு அங்க போய்ப் படுக்கேலாது."

குளிருக்கு அரசாங்க உதவி இருக்கிறதாம். அதை வாங்கச் சொந்தப் பேரில் ஒரு பில் வேண்டுமாம். வழி தெரிந்த புண்ணியவான்கள் கீழே எழுதுங்கள். "இன்னொரு போர்வை போடச் சொல்லுங்கோ" என்று மட்டும் எழுத வேண்டாம். அதை நானே சொல்லி அனுப்பிவிட்டேன்.