ஆறு பேர் செய்த வேலை

அந்த வருடம் எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லோரும் களைத்திருந்தார்கள். அப்பா செகந்திராபாத்தில் லாலாகுடா ரயில்வே பட்டறையில் முதல் ஷிப்ட் முடித்து சைக்கிளில் வந்ததும், சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் தரையில் படுத்துவிடுவார். அம்மாவுக்குக் கச்சிபௌலியில் வேலை. குவார்ட்டர்ஸிலிருந்து ஊரின் மறுகோடிக்கு ஒரு பஸ், பிறகு கம்பெனி வண்டி. திரும்பி வரும்போது செருப்பைக் கழற்றக் குனிவதற்குக்கூடக் கொஞ்சம் யோசிப்பாள்.

மாமா ஒரு வேலையும் செய்யாமலே களைத்திருந்தார். அம்மாவின் தம்பி. இன்ஜினியரிங் முடித்து ஒரு பெரிய கம்பெனியில் தேர்வாகி, சேரும் தேதிக்காகப் பத்து மாதமாக எங்கள் வீட்டில் காத்திருந்தார். அமெரிக்காவில் ஏதோ பேங்க் கவிழ்ந்துவிட்டதால் தேதி தள்ளிப்போகிறது என்று பேசிக்கொண்டார்கள். சர்ச்சில் ஞாயிறுதோறும் பத்துப் பேராவது “லெட்டர் வந்துச்சா தம்பி?” என்று விசாரிப்பார்கள். அதற்குப் பயந்து மாமா கடைசி பெஞ்சில் உட்காருவார். போதகர் ஐயர் ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் கேட்டைத் தாண்டியிருப்பார்.

அம்மாவின் வேலை எனக்கு நன்றாகப் புரிந்திருந்தது. வெளிநாட்டு ஹோட்டல்களில் அறை பிடித்துக் கொடுக்கும் ஒரு இணையதளம். அதில் யாராவது எங்காவது சின்ன மாற்றம் செய்தாலும், அம்மாவும் இன்னும் ஐந்து பெண்களும் முதலிலிருந்து எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்க்க வேண்டும். ஊர், தேதி, எத்தனை பேர், எத்தனை கட்டில். சரியாக வந்தால் ஒரு கட்டத்தில் ‘பாஸ்’ என்று எழுத வேண்டும். மறுநாளும் அதே ஊர், அதே கட்டில். வெள்ளிக்கிழமைக்குள் அம்மாவின் மணிக்கட்டு வீங்கிவிடும். மேஜையில் கையை நீட்டி வைத்து, இடது கையால் சாப்பிடுவாள்.

மாமா அப்போது பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்துக்கொண்டிருந்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பகலில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்பதால் படித்தார். முதலில் என் வாய்ப்பாட்டை அச்சிடும் ஒரு புரோகிராம் எழுதினார். பிறகு சர்ச் பாட்டுப் புத்தகத்தின் எண்களைக் குலுக்கிப் போட்டு, ‘இன்றைக்கு இந்தப் பாட்டு’ என்று சொல்லும் ஒன்று. அம்மாவுக்கு இரண்டிலும் அக்கறையில்லை.

ஒருநாள் அம்மா இடது கையால் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்த மாமா, “நீ என்னென்ன அமுக்குறேன்னு வரிசையா சொல்லு அக்கா” என்றார்.

“கைக்குடா இப்ப அதெல்லாம்? நக்கோ. போய்ப் படு” என்றாள் அம்மா, எதற்கு, வேண்டாம் என்பதை இந்த ஊர் உருதுவில். ஆனால் சொன்னாள்.

மூன்று வாரம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், மாமா என்னைத் தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து ஒரு வரியை அடிக்கச் சொன்னார். அடித்தேன். திரையில் அந்த இணையதளம் தானாகத் திறந்தது. யாரும் தொடாமலே கட்டங்கள் நிரம்பின. தங்குபவர் பெயர் என்ற இடத்தில் எங்கள் ஐயரின் பெயர் விழுந்தது. பாரிஸில் மூன்று நாள், இரட்டைக் கட்டில். அடுத்தது பாடகர் குழுத் தலைவர். அதற்கடுத்து நான். கடைசிப் பொத்தானுக்கு முன்னால் புரோகிராம் தானே நின்று, ‘பாஸ்’ என்று எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போயிற்று. மாமா அடுப்பங்கரையைப் பார்த்துக் கத்தினார். கையில் மாவோடு வந்த அம்மா கதவருகிலேயே நின்றுவிட்டாள். ஐயர் லண்டன், ரோம் எல்லாம் போய் முடிக்கும்வரை திரையையே பார்த்தாள். பிறகு, “ஹவ்... நெசமாவா? எத்தன நிமிஷம்டா?” என்று மட்டும் கேட்டாள்.

நான் எண்ணியிருந்தேன். இருபது நிமிடம். அம்மாவுக்கு அது இரண்டு நாள் வேலை.

அதன்பின் அம்மா வேறு ஆளாக வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் குனிந்து கழற்றினாள். வலது கையால் என் தலையைப் பின்னினாள். புரோகிராமை அவள் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த மதுரை ஆன்ட்டிக்கும் கொடுத்திருந்தாள். மதுரை ஆன்ட்டி மூன்று வயது மகனோடு கச்சிபௌலியில் ஒரு அறையில் தனியாக இருந்தார். மதுரையில் புருஷன் வீட்டில் எல்லார் முன்னாலும் “இனி இந்த வாசல மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்தவர் என்று அம்மா அப்பாவிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மதுரை ஆன்ட்டியிடமிருந்து அது மற்ற நால்வருக்கும் போயிற்று. ஆறு பேரும் கூடி ஒரு முடிவு செய்தார்கள். வேலையை முன்போலவே இரண்டாம் நாள் சாயங்காலம்தான் ஒப்படைப்பது. வெளியே மூச்சு விடுவதில்லை.

என்னிடமும் சொன்னாள். “மாமா பண்ணினத வெளிய யார்கிட்டயும் சொல்லக் கூடாது.” நானும் பள்ளிக்கூடத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

கிறிஸ்மஸ் வந்தது. பண்டிகைக்கு அடுத்து வந்த சனிக்கிழமை அம்மா ஆபீஸ் தோழிகளை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். அவர்களோடு, எல்லாருக்கும் மேலாளரான டீம் லீடும் வந்துவிட்டார். யாரும் அவரை அழைக்கவில்லை. கம்பெனி வண்டியில் பிரியாணிப் பேச்சு காதில் விழுந்து, தானாகவே கேக் பெட்டியோடு வந்து நின்றார். நல்ல மனிதர்தான். என்னிடம் தெலுங்கில் பள்ளிக்கூடம் பற்றியெல்லாம் கேட்டார். சமையலறையில் கூட்டம், மாமா ஐஸ் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். ஹாலில் நானும் அவரும் ஒரு தட்டு அச்சுமுறுக்கும்தான். கம்ப்யூட்டரைப் பார்த்து, உனக்கு இதில் விளையாடத் தெரியுமா என்று கேட்டார்.

இவர் ஆபீஸ் ஆள். ஆபீஸில் நடப்பது இவருக்குத் தெரியாமலா இருக்கும்? அம்மா சொன்ன ‘வெளியே’ என்பதில் இவர் சேரமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. நான் அந்த வரியை அடித்தேன்.

ஐயர் பாரிஸுக்குப் போனதும் அவர் சிரித்தார். லண்டனில் சிரிப்பு நின்றது. முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு முன்னால் குனிந்தார். எங்கள் மாமா எழுதியது, அம்மா ஆபீஸில் எல்லா ஆன்ட்டிகளும் இதைத்தான் ஓட்டுகிறார்கள், முழுவதும் இருபதே நிமிடம் என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் பெருமையாக விளக்கினேன். நிமிர்ந்தபோது மதுரை ஆன்ட்டி தண்ணீர்ச் சொம்போடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போதிருந்து நின்றார் என்று தெரியாது. ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். “என்னடி பாப்பா இது, வந்தவங்கள சாப்பிட விடாம” என்று சிரிக்கப் பார்த்தார். சொம்பிலிருந்து தண்ணீர் அவர் புடவையெல்லாம் சிந்தியிருந்தது.

சாப்பாட்டின்போது டீம் லீட் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பிரியாணி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது மாமாவிடம் போன் நம்பர் கேட்டார்.

ஜனவரி கடைசியில் மாமாவுக்கு அம்மாவின் கம்பெனியிலேயே வேலை கிடைத்தது. சர்ச்சில் அவர் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்தினார்கள். மாமா முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னால்தான் இது நடந்தது என்று நான் அப்பாவிடம் பல தடவை சொன்னேன். அப்பா ஒவ்வொரு தடவையும் “சரிம்மா” என்றார். அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

ஆறு பேர் செய்ததை இனி ஒருவர் செய்தால் போதும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அந்த ஒருவராக அம்மாவை வைத்துக்கொண்டார்கள். மற்ற ஐந்து பேருக்கும் பிப்ரவரிக்குமேல் வேலை இல்லை.

வேலை தப்பியதில் அம்மாவுக்கு ஓய்வொன்றும் மிஞ்சவில்லை. இணையதளத்தில் ஒரு பொத்தானின் பெயரை மாற்றினாலே புரோகிராம் அங்கேயே தடுக்கி விழுந்துவிடும். அதைத் தூக்கி நிறுத்த அவளுக்குப் பைத்தான் தெரிய வேண்டும். ஞாயிறு மத்தியானங்களில் மாமா சொல்லிக்கொடுத்தார். புது வேலையில் அவருக்குப் பொறுமை குறைந்திருந்தது.

“அக்கா, வரிய உள்ள தள்ளி எழுதுன்னு எத்தன தடவ சொல்றது? நாலு ஸ்பேஸ்.”

“நாலுதான்டா விட்டேன்.”

“மூணு இருக்கு.”

அம்மா கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையில் விரலை வைத்து வெற்றிடத்தை எண்ணுவாள். இன்று நானும் அதே மொழியில்தான் பிழைக்கிறேன். எண்ணிப் பார்க்க எனக்கு விரல் தேவைப்படுவதில்லை, புரோகிராம் எழுதும் எடிட்டரே வரியைத் தள்ளிக்கொள்கிறது. ஆனால் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது என் முகம் அம்மாவின் அன்றைய முகம் மாதிரியே இருப்பதாக அப்பா சொல்கிறார்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அம்மா சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். செல்போன் அடித்தது. பெயரைப் பார்த்த அம்மா அதை எடுக்காமல் என் பக்கம் தள்ளினாள். வெளியே போயிருப்பதாகச் சொல்லும்படி கையால் காட்டினாள்.

மதுரை ஆன்ட்டி. அவர் குரலுக்குப் பின்னால் செகந்திராபாத் ஸ்டேஷனின் அறிவிப்பு மூன்று மொழியிலும் ஓடிக்கொண்டிருந்தது.

“பாப்பா, அம்மா இருக்காகளா?”

“வெளிய போயிருக்காங்க ஆன்ட்டி.”

அவர் பிள்ளையை ஏதோ சொல்லி உட்காரவைப்பது கேட்டது.

“சரிடா. நாங்க மதுரைக்கே திரும்பிப் போறோம். வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, மூணாம் பிளாட்பாரத்துல உக்காந்திருக்கோம்னு அம்மா வந்தா சொல்றியா? கோவமெல்லாம் ஒண்ணும் இல்லைன்னும் சொல்லு.”

போனை வைத்துவிட்டு அப்படியே சொன்னேன். கடைசியில் சொன்னதையும் விடவில்லை.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “வண்டி போயிருக்கும்” என்றாள்.

“இல்லம்மா, ஒரு மணி நேரம் இருக்காம். ஆட்டோவுல போனா பத்து நிமிஷம்.”

பட்டறைக்காரர் மகள் நான். ஸ்டேஷனுக்கு எவ்வளவு நேரம் என்று எனக்கா தெரியாது? ஆனால் அம்மா எழுந்து குளியலறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. வாளி நிரம்பி வழிந்த பிறகும் அதை அவள் மூடவில்லை.

ஆபீஸில் அவ்வளவு ஒட்டிக்கொண்டிருந்தவர்கள். ஊருக்குப் போகிறவரை வழியனுப்பக்கூட அம்மா போகாமல் இருக்கிறாள் என்றால், மதுரை ஆன்ட்டி அவளுக்கு அப்படி என்ன கெடுதல் செய்திருப்பார் என்று, பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் யோசித்தேன்.