யாரும் பை தராத பேருந்து

பதினோரு நாளாகக் கீழ்பென்னாத்தூர் பேருந்தில் போய் வருகிறேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு, அதே வண்டியில் திருவண்ணாமலைக்குத் திரும்பிவிடுவேன். நேற்று நடத்துநருக்குப் பொறுக்கவில்லை.

"என்னா வேலைம்மா உங்களுக்கு? தெனம் போறீங்க, வர்றீங்க."

"கதை தேடுறேங்க" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "ஆசிரமம் பக்கம் போங்க. அங்கதான் எல்லாரும் தேடிக்கிட்டு இருக்காங்க."

சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. நான் இந்த ஊரில் பிறந்தவள் என்பது பார்த்தால் தெரிய வேண்டாமா?

பத்தொன்பது வயதில் இதே வழித்தடத்தில்தான் நான் எழுத்தாளர் ஆனேன். நிற்பவர் தம் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வைத்துவிடுவது நம் பேருந்து வழக்கம். யார், எவர் என்று கேட்பதில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மறந்திருக்கலாம். அப்படி ஒரு அம்மா என் மடியில் ஒரு துணிப்பையை வைத்தார். பேருந்து நிலையம் வந்ததும் அதை மறந்து இறங்கி ஓடினார். பின்னாலேயே ஓடிப்போய்க் கொடுத்தேன். உள்ளே புதுச் சட்டையும் வேட்டியும். அன்று ஜெயிலிலிருந்து வெளியே வரும் மகனுக்கு. "பழைய துணியோட ஊட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு எடுத்தாந்தேன், அதையே உட்டுட்டு வந்துட்டேனே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதுதான் என் முதல் கதை. அந்தப் பையைப் பக்கத்து இருக்கைக்காரி வாங்கியிருந்தால் நான் டீச்சர் ஆகியிருப்பேன்.

இப்போது நான் வாழும் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் எதற்கும் 'டெர்மின்' வேண்டும், அதாவது முன்கூட்டியே குறித்த நேரம். ஒருமுறை சுடச்சுட வடையோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்த பிர்கிட் வெளிறிப்போய், "யாருக்கு என்ன ஆயிற்று? ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" என்றாள். நல்ல மனுஷி, குறை சொல்லவில்லை. ஆனால் ஆறு வருடமாக நான் ஒரு கதையும் எழுதவில்லை. இந்தப் பயணத்திலும் எதுவும் அமையாவிட்டால் எழுத்தையே விட்டுவிடுவது என்று முடிவு செய்துதான் விமானம் ஏறினேன்.

அதனால்தான் தினமும் ஓடிப்போய் இடம் பிடித்து, மடியைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பத்து நாளும் ஒருவரும் எதையும் தரவில்லை. என் ஷூவையும் வெட்டிய முடியையும் பார்த்து, வெளியூர்க்காரி என்று தள்ளியே நின்றார்கள். தற்செயலுக்கே டெர்மின் போட்டு உட்கார்ந்திருப்பவளை வேறென்ன செய்வார்கள்?

இன்று காலை இடம் கிடைக்கவில்லை. தோளில் பையோடு நின்றேன். மல்லாட்டை என்று எங்கள் ஊரில் சொல்லும் வேர்க்கடலை மூட்டையைக் காலடியில் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"குடுக்கா பைய. எவ்ளோ நேரம் தூக்கிகினு நிப்ப?" என்று பையின் வாரைப் பிடித்தாள்.

நான் வெடுக்கென்று பையை மார்போடு இழுத்துக்கொண்டேன். உள்ளே பாஸ்போர்ட் இருந்தது. யோசிக்கவே இல்லை, கை தானாகச் செய்துவிட்டது.

"எடுத்துகினு ஓடிட மாட்டேங்க, மேடம்" என்றாள்.

ஒரு நொடியில் அக்கா போய் மேடம் வந்துவிட்டது. "ஐயோ, அப்படி இல்லைங்க, இந்தாங்க" என்று பையை நீட்டினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கீழ்பென்னாத்தூர் வரை நின்றுகொண்டே போனேன். ஒரு கை கம்பியில், ஒரு கை பையில். வெட்கமாக இருந்தது. எழுத ஒரு கதை கிடைத்துவிட்டது என்பதும் அங்கேயே தெரிந்துவிட்டது. இது வேறு யாருக்காவது நடந்திருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது.