யூட்டின் ரிவோல்வருக்கு ஒரு வெள்ளைப் பிடி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் நகரத்தின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு வீட்டுக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். எதற்கு? ஒரு ரிவோல்வரின் கைப்பிடியைப் பார்த்துப் பாராட்டுவதற்கு.

நம்புங்கள். புது வீடுகளுக்குப் போய்க் குளியலறை டைல்ஸைப் பாராட்டியிருக்கிறேன். புதுக் காரின் சீட்டைத் தடவிப் பாராட்டியிருக்கிறேன். இது எனக்கும் முதல் தடவை.

அந்தப் பிடியைத் தெரிவுசெய்தவனே நான்தான் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் ஒளித்துவிட்டேன் என்பீர்கள்.

வாராவாரம் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு ரசனை இருக்கும் என்று நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. கல்யாணக் கார்டுக்கு என்ன நிறம், ஹோலுக்கு எந்தக் கேர்ட்டின்... எல்லாம் என்னிடம் வரும். கேட்டால் எனக்கும் பிடிக்கும். அதுதான் என் வியாதி.

நண்பன் யூட் விமானப் பாகங்கள் செய்யும் ஃபக்டரி ஒன்றில் வேலை செய்கிறான். ரோட்டில் பூனை வந்தால் காரை நிறுத்தி, அது கடந்து போகும்வரை காத்திருப்பான். அப்படிப்பட்டவன் போன வருடம் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்தான். வகுப்புக்குப் போனான், சோதனை எழுதினான், லைசென்ஸ் எடுத்தான். பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை பழைய ரிவோல்வர் ஒன்றோடு வந்து நின்றான். நிக்கல் பூச்சு — முகம் பார்க்கலாம். பிடி மட்டும் கறுப்பு ரப்பர்.

"உனக்கேன்ரா இது?" என்று கேட்டேன்.

"ஊரில, பதினெட்டு வயசில, ரோட்டில முழங்காலில இருத்தி, பிடரியில துவக்குக் குழாயை வைச்சவங்கள் அண்ணை. அரை மணித்தியாலம். அண்டைக்கு நான் குழாய்ப் பக்கம். ஒருக்காவெண்டாலும் பிடிப் பக்கம் நிண்டு பாக்கவேணும்."

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

ஆனால் அவன் மனைவி மெற்றில்டாவின் கதை வேறு. ஊரில் அவளுடைய அண்ணனை ஒருநாள் மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, துப்பாக்கியோடு வந்தவர்கள் பெயர் சொல்லி வாசலுக்குக் கூப்பிட்டார்கள். கழுவாத கையோடு எழுந்து போனவர் திரும்பவில்லை. கூப்பிட்டது யார் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. நம் ஆட்களிடம் அது கேட்கிற கேள்வியும் இல்லை.

ரிவோல்வர் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டப்பட்டு படுக்கையறை அலுமாரிக்குள் போன அன்றே, அவள் தன் தலையணையை மகளின் அறைக்குக் கொண்டுபோய்விட்டாள். யூட்டிடம் தெளிவாகச் சொல்லியும் விட்டாள்: "அதை என்னால பாக்கேலாது. ஈஸ்டர் வரைக்கும் பொறுப்பன். பேந்தும் அது இஞ்ச இருந்தா, நானும் பிள்ளையும் ரொறன்ரோவில அக்கா வீட்டை போறம்."

இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? யூட்டுக்கு விளங்கியது இதுதான்: "தோற்றம்தான் அண்ணை பிரச்சினை. அந்தக் கறுப்பு ரப்பரைக் கண்டா ஆருக்கும் ஒரு மாதிரித்தான் இருக்கும். வடிவான பிடியொண்டு போட்டமெண்டால், ஷோகேசில வைக்கிற சாமான் மாதிரி வந்திடும். மனுசி சமாளிச்சிடுவா."

டோனட் கடையில் உட்கார்ந்திருந்தோம். 'வித்துப்போட்டு வீட்டுக்குப் போ' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறக்குமுன் அவன் கட்டலொக்கைத் திறந்துவிட்டான்.

பிறகு நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. சிவப்போடிய மரம், அதில் கை வழுக்காமல் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள். மான்கொம்பு மாதிரி ஒன்று. முத்து மாதிரி மினுங்குகிற வெள்ளை. இடது பாதி, வலது பாதி, நடுவில் ஒரேயொரு ஸ்க்ரூ. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நிக்கலுக்கு மரம் பொருந்தாது, வெள்ளைதான் எடுபடும் என்று சொன்னேன். சும்மா சொல்லவில்லை, விளக்கம் வேறு கொடுத்தேன். ஊரில் சண்டையை நிறுத்தித் துப்பாக்கிகளைக் கீழே வைப்பது பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் மாதங்கள் இவை. இங்கே இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு துப்பாக்கிக்கு நகை பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் வந்தது அளவு பிழை. திருப்பி அனுப்பி, சரியானது வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் யாராவது ஒருவர் மெற்றில்டாவோடு உட்கார்ந்து கதைத்திருக்கலாம். யூட் தபாலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் யூட்டுக்கு போன் எடுத்து, வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வந்தது. போன ஞாயிறு பூசை முடிந்து, சாப்பிட்டு, கோப்பைகளை எடுத்த பிறகு, யூட் மேசையில் ஒரு துவாயை விரித்து அதை வைத்தான். குண்டு இல்லை, விசையில் பூட்டு. நான் கிட்டக் குனிந்து பார்த்தேன். அது உண்மையாகவே வடிவாக இருந்தது.

மகள் நத்தலி ஓடி வந்தாள். ஒன்பது வயது. வீட்டில் தமிழ் கேட்பாள், பதில் பிரெஞ்சில் சொல்வாள். வெள்ளைப் பிடியை ஒரு விரலால் தடவினாள்.

"செ போ, பப்பா!"

அழகாக இருக்கிறதாம். ஒரு தரம் பிடித்துப் பார்க்கட்டுமா என்றும் கேட்டாள். இத்தனை வாரம் பாடுபட்டது ஒருத்திக்காக, மயங்கியது இன்னொருத்தி.

மெற்றில்டா மகளின் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். கத்தவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். யூட் அவளைப் பார்த்து, "இப்ப சொல்லும், வடிவோ இல்லையோ?" என்றான். குரலில் கெஞ்சல்தான் இருந்தது.

"பிடி உங்கட பக்கம் இருக்குது யூட். நான் இருக்கிற பக்கத்தில ஓட்டை மட்டும்தான் தெரியுது."

பிறகு என்னைப் பார்த்தாள். "அண்ணை, நீங்களுமோ?" என்றாள். அவ்வளவுதான். தேத்தண்ணி போட எழும்பிப் போனாள். நான் அந்தத் தேத்தண்ணியையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஈஸ்டருக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அவள் அதுவரை காத்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் நத்தலியோடு ரொறன்ரோவுக்குப் போய்விட்டாள். நான் அங்கே போன் எடுத்தேன். அக்காதான் பேசினாள். மெற்றில்டா லைனுக்கு வரவில்லை.

ரிவோல்வரை இன்றைக்கே விற்றாலும் அவள் திரும்பி வருவாளா? எனக்கு நம்பிக்கையில்லை. அவளைப் பயமுறுத்தியது அந்தச் சாமான் மட்டுமல்ல. அதை மேசையில் வைத்து, எதிரே தன்னை உட்காரவைத்து, வடிவாக இருக்கிறதா என்று கேட்ட மனிதனை அவள் பார்த்துவிட்டாள். பக்கத்தில் இருந்த என்னையும்தான்.

நேற்று யூட் போன் எடுத்தான். அழுதிருப்பான் போல. ஒன்றே ஒன்றுதான் கேட்டான்:

"அண்ணை... நாங்கள் அந்த மரப் பிடியையே எடுத்திருக்கலாமோ?"

ஒரு கணம் நானும் அதைத்தான் யோசித்தேன்.