உலர்ந்த கைக்கு அறுபது வோல்ட்

சிதம்பரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் மின்பொருள் பாதுகாப்பு என்ற பாடத்தைப் பல வருடங்களாக நடத்துகிறேன். எந்தப் பொருளானாலும் சரி, மனிதக் கை படும் இடத்தில் எத்தனை வோல்ட் வரை இருக்கலாம் என்று தரநிர்ணய விதிகளில் ஓர் அட்டவணை உண்டு. அதை நான் புத்தகம் பார்க்காமல் கரும்பலகையில் எழுதுவேன். பேட்டரியில் வரும் டிசி மின்சாரத்துக்கு அறுபது. எழுதி, அடியில் இரண்டு கோடு போடுவேன். எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வீடு கடலூரில். ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினத்தில் மீன் வாங்கி, எப்போதும் ஒரே அக்காவிடம் கொடுத்துச் சுத்தம் செய்துகொள்வேன். செதில் எடுத்து, கழுவி, துண்டு போட்டுக் கொடுப்பதுதான் அவர் தொழில். என் வயதுதான் இருக்கும். ஆனாலும் நான் அக்கா என்பேன், அவர் டீச்சர் என்பார்.

போன வருடம் அவருடைய வலது மணிக்கட்டு மக்கர் பண்ண ஆரம்பித்தது. கொடுவா மாதிரி கெட்டிச் செதில் மீன் வந்தால் பாதியில் கத்தியை வைத்துவிட்டுக் கையை உதறுவார். டாக்டர் இந்த வேலையே வேண்டாம் என்றாராம். விட்டுவிட்டு என்ன செய்வது என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவர் கையை உதறும் நேரத்தில், காத்து நின்ற ஆட்கள் பக்கத்துப் பலகைக்கு நகர்ந்தார்கள். அந்த வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான்.

செதில் எடுக்கும் கைமெஷின்கள் கிடைக்கத்தான் செய்கின்றன. ஆனால் நான் பார்த்ததெல்லாம் வீட்டுக் கரண்டில், இருநூற்று முப்பது வோல்ட்டில் ஓடுபவை. உப்பும் ஈரமுமாகக் கிடக்கும் அந்தத் தரையில் உட்கார்ந்து அதைப் பிடிப்பது வினையை விலைக்கு வாங்குவதுதான். நானே ஒன்று செய்து தருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ரிப்பேர் கடையில் நாற்பத்தெட்டு வோல்ட் பேட்டரியும் அதற்கேற்ற சின்ன மோட்டாரும் கிடைத்தன. பல் வைத்த உருளை, ஸ்டீல் கைப்பிடி, அதன் மேலே கட்டைவிரலுக்கு ஒரு சுவிட்ச். வண்டிகளில் செய்வது போல பேட்டரியின் ஒரு வயரைக் கைப்பிடியின் உலோகத்தோடே சேர்த்தேன். அறுபதுக்குள் இருந்தால் தொட்டாலும் ஒன்றும் ஆகாது என்பதுதானே விதி, அதனால் சுவிட்சுக்கு ஒரு மூடிகூடப் போடவில்லை.

ஒரு ஞாயிறு அதை அக்கா கையில் கொடுத்தேன். முதல் கொடுவாவின் செதில் கண்மூடித் திறப்பதற்குள் பறந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது மீனில் அக்கா மெஷினைக் கீழே போட்டார்.

“எறும்பு கடிக்கிற மாதிரி சுருக்குன்னு இழுக்குது டீச்சர்.”

வாங்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. மோட்டார் அதிர்வதைத்தான் ஷாக் என்று நினைக்கிறீர்கள், பயம் போனால் சரியாகிவிடும் என்றேன். அறுபது வரை ஆபத்தில்லை என்று வகுப்பில் பேசும் அதே குரலில் விளக்கவும் செய்தேன். அக்கா எழுந்து, தன் மணையை என் பக்கம் தள்ளினார்.

“நீ உக்காந்து நாலு மீனு சீவு. அப்பறமா சொல்லு.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே உட்கார்ந்தேன். முதல் மீனில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் முதுகுமுள் கட்டைவிரலில் ஏறியது. அவருடைய வாளியில் இருந்த கடல்தண்ணீரில் கையை அலசிவிட்டு மூன்றாவதை முடித்தேன். அதற்குள் விரல்கள் ஊறி வெளுத்துவிட்டன. நான்காவது மீனில், முள் குத்திய இடத்தில் சுருக்கென்று ஏறி மணிக்கட்டு வரை இழுத்தது. நானும் மெஷினைப் போட்டேன். சுவிட்சின் இடுக்கில் தண்ணீர் இறங்கியிருந்தது. ஒரு வயர் சுவிட்சில், மற்றொன்று கைப்பிடியில்; விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே நாற்பத்தெட்டு வோல்ட்டும் நின்றிருக்கிறது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது. அக்கா தன் வலது கையை விரித்துக் காட்டினார். ஆறியதும் ஆறாததுமாகக் கத்தி பட்ட கோடுகள். அந்தக் கையிடமா பயம் என்று சொன்னேன்? வெட்கத்தில் மெஷினைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் புத்தகத்தைத் திறந்தேன். அறுபதுக்குப் பக்கத்துக் கட்டத்திலேயே இருந்தது: ஈரமான இடங்களுக்கு முப்பத்தைந்து. நம் லேப் ஈரமில்லை என்று சொல்லி வருடாவருடம் நான் தாண்டிப்போகும் கட்டம். அதுவும்கூட இப்படி வெட்டுப்பட்ட கையை நினைத்து எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் வகுப்பில் மல்டிமீட்டரைக் கொடுத்து அவரவர் விரல்களின் மின்தடையை அளக்கச் சொன்னேன். முதலில் உலர்ந்த விரல்கள், பிறகு உப்புத்தண்ணீரில் நனைத்த விரல்கள். எண் மளமளவென்று இறங்கியது; தடை இறங்கினால் உடம்பில் பாயும் மின்சாரம் கூடும். உங்கள் சீனியர்களுக்கு இந்தப் பாடத்தைப் பாதிதான் நடத்தினேன் என்று ஒப்புக்கொண்டேன். சொன்னதும் மனசு லேசானது.

மெஷினைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டினேன். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, பேட்டரியில் ஓடும் ஒரு டிரில்லிங் மெஷினிலிருந்து எடுத்த மோட்டார். கை படும் இடத்தில் உலோகமே இல்லை. கைப்பிடியையும் சுவிட்சையும் சேர்த்து ரப்பர் உறை போட்டு அடைத்தேன். வேகம் குறைந்தது. அது கவலையில்லை. அக்கா இனி அதைத் தொடுவாரா என்பதுதான் கவலை. அந்த இரண்டு வாரமும் அவர் பலகையில் கத்தியாலேயே சீவ முடிகிற சங்கராவும் மத்தியும்தான் இருந்தன. கொடுவா கொண்டுவந்தவர்கள் அவரைத் தாண்டித்தான் போனார்கள்.

மூன்றாவது ஞாயிறு போய் நின்று, தப்பு என்னுடையதுதான் என்றேன். அவர் கையை வாளியில் முக்கி எடுத்து, துடைக்காமல் மெஷினைப் பிடித்து ஓட்டினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தன் கை மட்டும் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டார்.

“கைய தொடைக்காம வாங்கடி.”

வந்தார்கள். உப்பு சொட்டும் கைகள், ஒன்றன்பின் ஒன்றாக. ஒருத்திக்கு அன்று காலையில்தான் விரல் வெட்டியிருந்தது. அவள் வேண்டுமென்றே அந்த விரலை அழுத்திப் பிடித்தாள். யாரும் கையை உதறவில்லை. இதைவிடக் கறாரான சோதனைச்சாலையை நான் பார்த்ததில்லை.

பிறகு அக்கா ஒரு கொடுவாவை எடுத்து வைத்தார். நிதானமாகத்தான் ஓடியது, ஆனால் நிறுத்தாமல் வாலிலிருந்து தலை வரை ஓடியது. செதில் என் புடவையில் தெறித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்சம் கிட்டே குனிந்து, கடிக்கிறதா என்று கேட்டேன்.

“ஓரமா நில்லு டீச்சர். ஆளுங்க நிக்கிறாங்க பாரு.”

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நான்கு பேர் மீனோடு காத்திருந்தார்கள்.