பெயரையும் கூட்டிவந்தவர்

மும்பையில் குர்லா ஸ்டேஷனில் வண்டி மாறிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லாவின் கணவர் போன் செய்தார். "ஸ்டெல்லா போயிட்டா சார்." விடியற்காலையில் மாரடைப்பு. முந்தின நாள்கூட என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என்னைக் கிண்டலடித்தவர். அந்தக் கூட்டத்தில் எந்தப் பக்கம் நடப்பதென்றே எனக்குத் தெரியவில்லை.

செம்பூரில் எங்கள் சின்ன சுகாதார அலுவலகத்துக்கு வந்துபோன உங்களுக்கு அவரைத் தெரியும். சீத்தா கேம்ப் குடிசைப் பகுதிக்காரர். டைப் அடிக்கச் சேர்ந்தவர், என் திரையை எட்டிப் பார்த்தே 'ஆர்' நிரல்மொழியைப் பிடித்துக்கொண்டார். நான் கற்றுக்கொடுத்ததாகப் பீற்றிக்கொள்ளலாம், பொய்.

சில வருடங்களுக்கு முன் தாராவியில் பெண்களுக்கு ரத்தசோகைப் பரிசோதனை நடத்தினோம். சந்து சந்தாகப் போய் ஸ்டெல்லா எழுதிவந்தது, அதே வரிசையில் கணினியில் அட்டவணையாக ஏறியது. ஹீமோகுளோபின் அளவு எப்படியிருக்கிறது என்று பார்க்க, அந்த ஒரு நெடுவரிசையை மட்டும் 'ஆர்' வழக்கப்படி டாலர் குறி போட்டு வெக்டராக உருவினேன். வெக்டர் என்றால் இங்கே வெறும் எண்களின் வரிசை. எது யாருடையது என்று அதில் இருக்காது. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினேன். அதோடு விட்டிருக்கலாம். மேதாவி மாதிரி அதையே திரும்ப அட்டவணையில் வைத்தேன். பெயர்கள் அசையவில்லை, எண்கள் மட்டும் இடம் மாறின. கணினி ஒரு எச்சரிக்கைகூடக் காட்டவில்லை. உடனே சிகிச்சைக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியலை அச்சடித்து ஸ்டெல்லாவிடம் நீட்டினேன்.

"ஏன் சார், மொதச் சந்துல எல்லாருக்குமா ரத்தம் கம்மி? கடைசிச் சந்துல ஒருத்திக்கும் இல்லியா?" என்றார். பிறகு முகம் மாறியது. "வள்ளி எங்க? ஏழு மாசக்காரி. அவளுக்கு ஆறுக்குக் கீழன்னு நாந்தான எழுதுனேன்!"

திரையில் தேடினோம். வள்ளிக்கு நேரே பன்னிரண்டு என்று இருந்தது, நல்ல ஆரோக்கியமான அளவு.

நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். "அதெல்லாம் பொறவு பாப்போம். சலோ சார்" என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நாங்கள் போனபோது வள்ளி தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். அன்று மாலையே ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் தாயும் பிள்ளையும் பிழைப்பது கஷ்டம் என்றார் டாக்டர்.

ஸ்டெல்லா என்னை யாரிடமும் விட்டுக்கொடுக்கவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்: "நம்பர எடுங்க சார், வேண்டாம்னு சொல்லல. பேரையும் கூடவே கூட்டிட்டு வாங்க."

மறுநாளே ஒரு குட்டி நிரல் எழுதிவிட்டார். எந்த நெடுவரிசையை உருவினாலும் ஒவ்வோர் எண்ணின் மேலும் அதற்குரியவர் பெயர் ஒட்டிக்கொண்டு வரும். ஒரே வரி வேலைதான். இத்தனை வருட அனுபவத்தில் எனக்கு அது தோன்றவில்லை. ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு வரி.

அடக்கம் முடிந்த மறுவாரம் வள்ளி பரிசோதனைக்கு வந்தாள். அன்று வயிற்றிலிருந்த மகள் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு துள்ளிக்கொண்டிருந்தாள். "இனிமே யாரு சார் எழுதுவா?" என்று வள்ளி அழுதாள். நான்தான் எழுதினேன். அப்புறம் ஸ்டெல்லாவின் நிரலை ஓட்டினேன்.

வள்ளி என்ற பெயர் வந்தது. அதன் கீழே பன்னிரண்டு. இந்த முறை அது அவளுடைய எண்.