பதிலடிக்குக் கை தூக்கிய கூட்டம்

காந்தி ஜெயந்தி கிராம சபைக்கு வந்தவர்களைச் சொல்கிறேன். ஊராட்சித் தலைவர் அம்மா வந்திருந்தார். அவருக்காகப் பேசுகிற அவர் வீட்டுக்காரர் வந்திருந்தார். தீர்மானம் எழுதுகிற செயலர். இறால் குளம் வைத்திருக்கிற முதலாளி. ஊரில் அதிக நிலம் வைத்திருக்கிறவர். மகனை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு இங்கே தனியாக இருக்கிற ரிட்டையர்டு வாத்தியார். கட்சி ஆட்கள், டீக்கடை ஆட்கள். கடைசி ஜமக்காளத்தில் இறால் உரிக்கிற ஷெட்டுப் பொம்பளைகள். அவர்களில் நான் ஒருத்தி.

ஷெட்டு வேளாங்கண்ணி ரோட்டில் இருந்தது. அங்கே கூட்டிப் போகிற வேன் வராமல் ஒரு மாதம் ஆகியிருந்தது. அமெரிக்காக்காரன் நம் இறாலுக்கு வரியை ஏற்றிவிட்டான் என்றார்கள். அங்கே விலை ஏறினால் அவன் வாங்க மாட்டான். அவன் வாங்காவிட்டால் இங்கே இறால் தலை கிள்ள ஆள் வேண்டாம். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். அது போதும். டீவியில் வரி, டீக்கடையில் வரி. வேலை போனது யாருக்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

எங்களில் சிலர் திருப்பூர் பஸ் ஏறிவிட்டார்கள். நான் ஏற முடியாது. வீட்டுக்காரர் முதுகு அடிபட்டுப் படுக்கையில் இருந்தார். தூக்கி உட்கார வைக்கவே ஒரு ஆள் வேண்டும். எனக்கு ஊரிலேயே வேலை வேண்டும். நடவு முடியட்டும் என்று நூறு நாள் வேலையை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதைத் திறக்கச் சொல்லிக் கேட்கத்தான் போனேன்.

தலைவர் வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்தார். தெருவிளக்கு, குடிதண்ணீர் எல்லாம் கால் மணியில் முடிந்தது. பிறகு தொண்டையைச் செருமினார்.

“நம்ம இறாலுக்கு வரி போட்டவன் சாமானுக்கு நாமளும் வரி போடணும். வரிக்கு வரி! டெல்லிக்கு நம்ம ஊர்லேருந்து தீர்மானம் போவுது.”

கை தட்டினார்கள். ஊரில் பாதித் தெருவுக்கு அப்போது சாக்கடை இல்லை.

நிலத்துக்காரர் எழுந்தார். இறால் குளத்தால் தன் வயலில் உப்பு ஏறுகிறது என்று வருஷா வருஷம் மனு கொடுக்கிறவர். அன்றைக்கு அவருக்கும் இறால் மேல் பாசம் வந்துவிட்டது. “ரெண்டு மடங்காப் போடச் சொல்லு. நாம யாருன்னு தெரியட்டும்.”

டீக்கடைக்காரர் வாத்தியாரை இழுத்தார். “சார், உங்க பையன் அங்கதானே இருக்காரு? அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?”

“அவன் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவன்பா. இறாலத் திங்கிறதோட சரி.”

எல்லாரும் சிரித்தார்கள். குளத்து முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

“கொஞ்சம் இருங்கண்ணே,” என்றார். “குஞ்சு பொரிக்கிற தாய் இறாலே அங்கேருந்துதான் ப்ளேன்ல வருது. அதுக்கும் நாம வரி போட்டா குஞ்சு விலை ஏறும். விக்கிறப்பவும் அடி, வாங்குறப்பவும் அடி. எனக்காகப் போடுறதுன்னா வேண்டாம்.”

“நீ எந்த நாட்டுக்காரன்யா?” ஒரு கட்சிக்காரர் பின்னாலிருந்து கத்தினார்.

“இந்த ஊர்க்காரன்தான். வீட்டு வரி பாக்கி இல்லாதவன். நீ கட்டிட்டியா?”

“அதெல்லாம் இருக்கட்டும். கையத் தூக்கு.”

முதலாளி தூக்கிவிட்டார். மற்றவர்களைவிட உயரமாகவே தூக்கினார். எல்லாரும் தூக்கினோம். நானும் தூக்கினேன். தூக்காவிட்டால் அடுத்து நான் கேட்கப்போவதை யார் காதில் வாங்குவார்கள்.

போட்டோ எடுத்தார்கள். தலைவர் வீட்டுக்காரர் போனை வாங்கிப் பார்த்தார். “என் கண்ணு மூடியிருக்கு. இன்னொரு தடவ தூக்குங்க.” தூக்கினோம். எதிர்க்கட்சிக்காரர் தன் போனிலும் எடுக்க வேண்டும் என்றார். பதிலடி என்று முதலில் சொன்னது தங்கள் கட்சியாம். இல்லை, எங்கள் கட்சி என்று ஆளுங்கட்சிக்காரர்கள் பாய்ந்தார்கள். வரி போட்டவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். இங்கே சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள் ஒரே தெருக்காரர்கள். விலக்கிவிட்டு அந்தப் போனுக்கும் தூக்கினோம். ஐஸில் வேலை செய்த கை. தூக்கியே வைத்திருந்தால் மரத்துப்போகும்.

டீ வந்தது. கூட்டத்தில் பாதி டம்ளரோடு நடையைக் கட்டியது. நான் எழுந்தேன்.

“அண்ணே, டெல்லிக்கு எழுதுறத எழுதிக்குங்க. இங்க முடியிறத ஒண்ணு எழுதுங்க. நூறு நாள் வேலைய இந்த வாரமே திறக்கணும். ஷெட்டு மூடிட்டாங்க, நாங்க எங்க போறது?”

“ஏம்மா, நாட்டு விஷயம் பேசுற இடத்துல இதையா கொண்டாருவ?” என்றார் தலைவர் வீட்டுக்காரர்.

“எங்க வேலை போனது எந்த நாட்டுலண்ணே?”

நிலத்துக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். “நடவு நேரத்துல நீங்கள்லாம் வாய்க்கா வெட்டப் போயிட்டா எனக்கு யாரு வருவா? நாலு நாள் வேலை இருக்கு. வந்து நடுங்க.”

“நாலு நாள் கழிச்சு?”

“அப்ப பாத்துக்கலாம்.”

“மிச்ச வயல்லாம் உங்களுக்கு மிஷின் நடவுதானே?”

அவர் எங்கள் ஜமக்காளத்தைப் பார்த்தார். மறுநாள் நாற்றுப் பறிக்க வரச் சொல்லியிருந்தவர்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார்.

செயலர் பேனாவை மூடப் போனார். அதுவரை வாய் திறக்காத தலைவர் அம்மா மைக் இல்லாமலே சொன்னார். “மூடாதீங்க சார். கேட்டுட்டாங்கல்ல, கை தூக்கச் சொல்லி எண்ணுங்க.” வீட்டுக்காரர் அவரை முறைத்தார். அம்மா திரும்பவில்லை. தன் கையைத் தூக்கினார்.

வாத்தியார் தூக்கினார். குளத்து முதலாளி பாதி தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்னோடு ஒரே மேசையில் பல வருஷம் உரித்தவள். மூன்று போட்டோவுக்கும் கை தூக்கியவள். இப்போது முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த நாலு நாள் வேண்டும்.

மிச்சம் இருக்கிற முப்பது பேரில் பாதிக்கு மேல் தூக்கினால்தான் தீர்மானம் என்றார் செயலர். எண்ணினார். நானும் எண்ணினேன்.

ஒன்பது.