துடக்குக் காலத்தில் ஒரு கிளினிக்

என் தங்கச்சியின் மகள் அவுஸ்திரேலியாவில் என்ன வேலை செய்கிறாள் என்று கோயிலில் யாராவது கேட்டால், எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. டொக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. ஆனால் டொக்டர்மாரும் நர்ஸ்மாரும் அவள் ஒழுங்கு செய்த இடத்துக்குத்தான் போகிறார்கள். பட்டணத்துக்கு வெகு தூரத்தில் அந்த நாட்டின் ஆதிக்குடி மக்கள் வாழும் சின்னச் சின்ன ஊர்கள் இருக்கின்றன. அங்கே மருந்தும் வைத்தியமும் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு.

"அப்ப நாள் முழுக்க நீ என்னதான் செய்யிறாய், பிள்ளை?" என்று ஒரு நாள் கேட்டேன். நான் அவளுக்குப் பெரியம்மா, கேட்கலாம்.

"போன் கதைக்கிறன், பெரியம்மா."

"அதுக்கோ சம்பளம்?"

"நீங்களும் நாள் முழுக்க அதைத்தானே செய்யிறியள். உங்களுக்கு ஒருத்தரும் காசு தாறேல்லை, அவ்வளவுதான்."

பெரும்பாலும் நான் லண்டனில் காலையில் சாமி அறையில் விளக்கு ஏற்றி முடிக்கிற நேரம், அவளுக்கு அங்கே பொழுதுபடுகிற நேரம். அப்போதுதான் எடுப்பாள். நான் ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றவள். புத்தகம் படித்து அறிகிற பழக்கம் இல்லை, அதனால் கேட்டுத்தான் அறிவேன். அந்தச் சனங்கள் யாரைக் கும்பிடுகிறார்கள்? மழை பெய்து றோட்டு மூடினால் ஊசி மருந்து எப்படிப் போகும்? கர்ப்பிணிப் பிள்ளைகள் எங்கே போய்ப் பெறுகிறார்கள்? சிலதுக்கு அவள் விளக்கமாகப் பதில் சொல்லுவாள். சின்னப் பிளேன் வருமாம், ஐஸ் பெட்டியில் மருந்து வருமாம். சிலதுக்கு, "அது எனக்குத் தெரியாது பெரியம்மா, நான் கேட்கிறதும் முறையில்லை" என்பாள். கேட்கக் கூடாதது என்று ஒன்று இருக்கிறது என்பதே எனக்குப் புதினமாக இருந்தது. நான் எதையும் கேட்டுவிடுகிற ஆள்.

இது போன வருடம் நடந்தது. எங்கள் பக்கத்து டொக்டர் சேர்ஜரியில் இருந்து ஒரு நர்ஸ் எங்கள் அம்மன் கோயிலுக்கு வந்தா. கானா நாட்டுப் பெண், உயரமானவ, சிரித்த முகம். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ள எங்கள் சனம் காலைப் பரிசோதிக்க வருவதே இல்லை, தான் எங்கே வந்து இருந்தால் காட்டுவார்கள் என்று அன்னதான வேலை செய்கிற பெண்களான எங்களிடம் கேட்டா. இதென்ன கேள்வி, கோயில் மண்டபம்தான் என்றோம். வெள்ளிக்கிழமைப் பூசை முடிய எல்லாரும் அங்கேதானே சாப்பிட வருவார்கள். நர்ஸுக்கு நல்ல சந்தோசம். எங்களுக்கு அதைவிடச் சந்தோசம், அம்மாளின் வாசலில் ஒரு நல்ல காரியம் நடக்கப் போகிறதே என்று.

என் வீட்டில் இருந்து மூன்றாவது வீட்டில் ஓர் அண்ணை இருக்கிறார். ஜேர்மனியில் பேக்கரியில் வேலை செய்துவிட்டுப் பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்தவர். பழைய சீனி வருத்தக்காரர். இடது கால் பெருவிரலுக்குக் கீழே ஒரு புண் இருக்கிறது என்று அவருடைய மனைவி என்னிடம் சொல்லியிருந்தா. அவர் யாருக்கும் காட்டமாட்டார். அவருடன் வேலை செய்த ஒருவர் விரல் புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கால் இல்லாமல் வந்தாராம். "காட்டினால் வெட்டுவாங்கள்" என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு. அந்த அக்கா கெஞ்சிக் கெஞ்சி, கடைசியில், "சரி, கோயிலுக்கு நர்ஸ் வந்தால் காட்டுறன். ஆஸ்பத்திரிப் பக்கம் கூப்பிடாதை" என்று சொல்லவைத்திருந்தா.

கிளினிக்குக்குக் கொஞ்ச நாள் முன்பு அந்த அக்கா போய்விட்டா. நெஞ்சு நோ என்று படுத்தவ, அடுத்த நாள் இல்லை.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. கதிரை, சுடுதண்ணீர், துவாய் எல்லாம் வைத்திருந்தோம். கால் காட்டவும் ஒரு வரிசை, பகிடியும் ஒரு பக்கம்.

"இஞ்ச பாருங்கோ, இந்த அக்கா நர்ஸுக்குக் காட்ட எண்டு நகத்துக்குப் பூச்சுப் பூசிக்கொண்டு வந்திருக்கிறா!"

"உனக்கென்ன எரியுது? உன்ர காலைப் பார்த்து நர்ஸ் மயங்கி விழாட்டிச் சரி."

நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணை வரவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். வீட்டுச் சப்பாத்தின் குதியை மடித்து மிதித்தபடி கதவைத் திறந்தார். காலுறையாகப் போட்டிருந்த மேசோட்டின் முன்பக்கம் ஈரம். ஒரு மணம் வந்தது. அது நல்ல மணம் இல்லை.

"ஏன் அண்ணை வரேல்லை? நர்ஸ் வந்து போட்டா."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "என்ன கதை கதைக்கிறாய்? செத்தவீட்டுத் துடக்கோட கோயிலுக்குள்ள வரட்டோ?"

வீட்டில் ஒரு சாவு நடந்தால் துடக்கு, தீட்டு; முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும் வரை கோயில் படி மிதிக்கமாட்டோம். என் வீட்டில் நடந்தாலும் நான் அப்படித்தான் இருப்பேன். கதிரையை யோசித்தோம், சுடுதண்ணீரை யோசித்தோம், இதை ஒருவருமே யோசிக்கவில்லை. இவ்வளவு பெரிய லண்டனில் அவரால் வர ஏலாத ஒரே இடத்தில் கிளினிக்கை வைத்திருக்கிறோம்.

"அப்ப ஆஸ்பத்திரிக்கு..."

"அந்தப் பேச்சை எடுக்காதை. அந்தியேட்டி முடியட்டும், பார்ப்பம்."

அதுவரை அந்தக் கால் தாங்குமா? வீட்டுக்கு வந்து தலை முழுகிவிட்டு அம்மாளின் படத்துக்கு முன்னால் இருந்தேன். முறையை விடச் சொல்ல என்னால் ஏலாது. காலை விடச் சொல்லவும் ஏலாது.

அடுத்த நாள் காலை அவுஸ்திரேலியாப் பிள்ளை போன் எடுத்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"எங்களுக்கும் இப்பிடித்தான் பெரியம்மா."

"என்ன, அங்கயும் துடக்கு இருக்கோ?"

"துடக்கு எண்டு சொல்ல ஏலாது. அது வேற, இது வேற. ஆனா ஊரில ஒரு ஆள் செத்துப்போனால் எல்லாம் நிண்டிடும். எல்லாரும் துக்கத்துக்குப் போயிடுவினம். நாங்கள் கிளினிக் வாகனத்தோட சும்மா போய் இறங்கக் கூடாது."

"அப்ப வருத்தக்காரர் என்ன செய்யிறது? சீனி துக்கம் பார்க்குமோ?"

"பார்க்காதுதான். அதால கேட்போம். எங்களோட வேலை செய்யிற ரெண்டு பேர் அந்த ஊர் ஆக்கள்தான். அந்த ரெண்டு பேரும் முதல்ல ஊர்ப் பெரியாக்களிட்டப் போய்க் கேட்பினம். வரலாமோ, வந்தால் எங்க நிற்கலாம், எந்தப் பக்கத்தால வரலாம் எண்டு. ஒருக்கால் ஊருக்கு வெளியால மரத்துக்குக் கீழ மேசை போட்டவை. இன்னொருக்கால் பெரியாக்கள் வரவே வேண்டாம் எண்டு சொன்னவை. நாங்கள் போகேல்லை."

"போகாமலோ?"

"ஓம். வேற ஊரில சந்திச்சம்." பிறகு கேட்டாள்: "பெரியம்மா, நீங்கள் அவரிட்ட என்ன கேட்டனீங்கள்?"

"ஏன் வரேல்லை எண்டு கேட்டனான்."

"எங்க எண்டால் காட்டுவியள் எண்டு கேட்டுப் பாருங்கோவன்."

உடனே அண்ணையிடம் ஓடவில்லை. முதலில் ஐயரிடம் போனேன். கோயில் கார் நிறுத்துமிடத்தில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். வெளியில்தானே, பாதகமில்லை என்றார் ஐயர். பக்கத்தில் நின்ற நிர்வாகசபைக்காரர் விடவில்லை. "அதுவும் கோயில் காணிதான் ஐயா. மதிலுக்கு இஞ்சால எண்டால் உள்ளதான்." பிறகு மதில் யாருடையது, கவுன்சிலுடையதா கோயிலுடையதா என்று ஒரு வழக்கு. நான் மெல்ல வெளியே வந்துவிட்டேன்.

அண்ணையின் வீட்டுக் குசினியில் அன்றும் சொந்தக்காரர் நிறைய. அவரைப் பின்பக்கத் தோட்டத்துக்குக் கூப்பிட்டேன்.

"அண்ணை, கோயிலும் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம். எங்க எண்டால் காட்டுவியள்?"

யாரும் அப்படி அவரைக் கேட்டிருக்கமாட்டார்கள் போல. புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நர்ஸை வீட்டுக்குக் கூட்டிவரட்டோ?"

"விசரே உனக்கு? இவ்வளவு சனத்துக்கு முன்னால மேசோட்டைக் கழட்டினால் எல்லாரும் சேர்ந்து ஒப்பாரி வைப்பினம். மருமகள் அம்புலன்ஸுக்கு அடிச்சுப் போடுவாள்." கொஞ்சம் பொறுத்து, "கடைக்காரத் தம்பியின்ர பின்னறை எண்டால் வாறன்" என்றார்.

சந்தியில் இருக்கிற பலசரக்குக் கடையைச் சொன்னார். அவர் தினமும் பேப்பர் வாங்கி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிற இடம்.

நர்ஸ் எனக்குத் தந்துவிட்டுப் போன நம்பருக்கு எடுத்தேன். என் இங்கிலீசில் துடக்கை விளங்கப்படுத்த வெகுநேரம் எடுத்தது. ஒருவாறு முடித்தபோது, தங்கள் ஊரிலும் செத்தவீட்டுக்காரருக்கு இப்படி முறைகள் இருக்கின்றன, முதலே கேட்டிருக்க வேண்டும் என்று சொன்னா. என்ன முறைகள் என்று கேட்க வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன். திங்கட்கிழமை மத்தியானம் வருவதாகச் சொன்னா.

கடையின் பின்னறையில் அரிசி மூட்டைகளும் மரவள்ளிப் பெட்டிகளும். நர்ஸ் ஒரு மூட்டையில் இருந்தா, அண்ணை கதிரையில். கடைக்காரத் தம்பி எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, அரிசி மணக்கப் போகுது."

"உன்ர அரிசி இப்பவும் அப்பிடித்தானேடா."

மேசோடு கழன்றதும் பகிடி நின்றது. புண் நான் நினைத்ததைவிட ஆழமாக இருந்தது, சுற்றிவரச் சிவப்பு. நர்ஸ் முகத்தை மாற்றாமல் நிதானமாகத் துடைத்துக் கட்டினா. பிறகு ஆஸ்பத்திரிக் கால் கிளினிக்குக்குப் போன் எடுத்தா. இன்றைக்கே போக வேண்டும் என்றா.

"வெட்டுவாங்களோ எண்டு கேள்" என்றார் அண்ணை என்னைப் பார்த்து. கேட்டேன். அதைத் தன்னால் சத்தியம் பண்ண முடியாது, ஆனால் வெட்டாமல் காப்பாற்றத்தான் இன்றைக்கே போகச் சொல்கிறேன் என்றா நர்ஸ். அதை நான் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். அவர் கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி இருந்தார். நான் மனதுக்குள் அம்மாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்ப இந்தத் தம்பியின்ர சாமான் ஏத்துற வானில போவம்" என்றார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். நஞ்சு எலும்பைத் தொடவில்லையாம். மருந்து தந்து, ஒவ்வொரு கிழமையும் வந்து கட்டு மாற்ற வேண்டும் என்றார்கள். வரவேற்பில் இருந்த பிள்ளை வெள்ளிக்கிழமை தரட்டுமா என்று கேட்டாள். நான் ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணை என்னை முந்திவிட்டார்.

"வெள்ளிக்கிழமை வேண்டாமெண்டு சொல்லு. துடக்குக் கழிஞ்சால் வெள்ளி கோயிலுக்குப் போகவேணும். வியாழன் எண்டால் வாறன்."